சின்ன அதிர்வையும் எண்ணி வைத்தவர்: சாள்ஸ் ரிக்டரின் கதை



புத்தாண்டு மலருக்கு நாவலரைப் பற்றியோ விபுலானந்த அடிகளாரைப் பற்றியோ எழுதுவதற்கு என்னைவிடப் படித்தவர்கள் எங்கடை சங்கத்தில் இருக்கிறார்கள். நான் உயர்தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். இங்கே சான் ஹோசேயில் ஒரு பக்ரறியில் மின்சுற்றுப் பலகை பொருத்துகிற வேலை. ஆனபடியால், நாங்கள் இப்போது குடியிருக்கிற இந்த மண்ணின் ஆட்டத்தை அளந்த ஒருவருடைய கதையை எனக்குத் தெரிந்த அளவில் எழுதத் துணிந்தேன்.

அவருடைய பெயரைச் சின்ன வயதிலிருந்தே வானொலிச் செய்தியில் கேட்டு வருகிறோம். உலகத்தில் எங்கே பூமி அதிர்ந்தாலும் ரிக்டர் அளவில் இத்தனை என்று வாசிப்பார்கள். பலர் அதை ஒரு கருவியின் பெயர் என்று நினைத்திருக்கினம். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அந்த அளவுகோலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆய்வுகூடத்துக்கு ஆட்கள் வருவார்களாம். காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவர் சாள்ஸ் பிரான்சிஸ் ரிக்டர்.

பாட்டன் வளர்த்த பிள்ளை

1900 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 இல் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் ரிக்டர் பிறந்தார். குழந்தையாய் இருக்கும்போதே தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். தாயின் தகப்பனே வளர்த்தார். ரிக்டர் என்பதும் தாய் வழிப் பெயர்தான். 1909 இல் பாட்டனார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு லொஸ் ஏஞ்சல்சுக்கு வந்தார். ஒன்பது வயதில் ஊர் மாறி வந்த பிள்ளை. கூச்ச சுபாவம். வானத்து நட்சத்திரங்களில் பெரிய விருப்பம்.

இங்கே எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து 1920 இல் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு மனம் குழம்பிப் போய்விட்டது. படிப்பை விட்டுச் சிகிச்சை பெற வேண்டி வந்தது. எங்கடை சனம் மனநோயை இன்னும் மூடி மறைக்கிற விஷயமாக நினைப்பதால் இதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்தக் குழியிலிருந்து எழும்பி வந்த மனிதர்தான் பிறகு உலகம் முழுக்கப் பெயர் எடுத்தார்.

பசடீனாவில் உள்ள கல்ரெக் என்னும் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் திரும்பவும் படிக்கச் சேர்ந்தார். 1927 இல், கலாநிதிப் பட்டம் முடியும் முன்பே, அங்கே தலைவராக இருந்த மில்லிக்கன் அவருக்கு ஒரு வேலை இருப்பதாகச் சொன்னார். புதிதாக நடந்துகொண்டிருந்த பூமியதிர்ச்சி ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டவருக்கு நிலத்துக்குள் பார்க்கிற வேலை கிடைத்தது. தற்காலிகமாகத்தான் ஏற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அதுவே தொழிலாகிவிட்டது. 1928 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு லிலியன் என்பவரைத் திருமணம் செய்தார்.

ஏன் ஓர் எண் தேவைப்பட்டது?

அந்த ஆய்வுகூடத்துக்குத் தெற்குக் கலிபோர்னியாவில் பல இடங்களில் அதிர்வு பதியும் கருவிகள் இருந்தன. வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள் காகிதத்தில் பதிந்தன. அவற்றைப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டும். எது பெரிது, எது சின்னது என்று எப்படி எழுதுவது? அதுவரை சனம் உணர்ந்ததை வைத்துத்தான் சொன்னார்கள். சட்டி பானை உருண்டதா, சுவர் வெடித்ததா என்று கேட்டு எழுதினார்கள். நகரத்துக்குக் கீழே நடந்த சின்ன அதிர்வு பத்திரிகையில் பெரிய செய்தியாகிவிடும். பாலைவனத்தில் நடந்த பெரியதை யாரும் கவனிப்பதில்லை.

1933 மார்ச் 10 இல் லோங் பீச் நகரம் அதிர்ந்து 120 பேரளவில் இறந்தார்கள். பள்ளிக்கூடக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன. பின்னேரம் ஆறு மணிக்குக் கிட்டவாக நடந்தபடியால் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். இல்லாவிட்டால் நினைக்கவே முடியாது.

ஜப்பானிய அறிஞர் வடாத்தி, கருவியில் பதிந்த அசைவையும் தூரத்தையும் சேர்த்து வரைபடம் கீறும் முறையைக் காட்டியிருந்தார். ரிக்டர் அதைத் தன் பதிவுகளோடு செய்து பார்த்தார். ஆனால் மிகச் சின்னதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாளில் அடங்கவில்லை. அப்போது கூட வேலை செய்த பேனோ குட்டன்பேர்க், மடக்கையில் போட்டுப் பார்க்கச் சொன்னார். குட்டன்பேர்க் ஜேர்மனியில் பிறந்த யூதர். 1930 இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அவருக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. ரிக்டர் அளவு என்று நாங்கள் சொல்லுவதில் பாதிப் பங்கு அந்த மனிதருடையது. அவருடைய பெயர் அதில் வராமல் போனது சரியல்ல என்று பிற்காலத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள்.

மடக்கை என்றால் பயப்பட வேண்டாம். எண் ஒன்று கூடினால் கருவியில் பதிகிற வீச்சம் பத்து மடங்கு கூடும் என்பதுதான் அதன் பொருள். வெளியேறும் சக்தியோ ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 100 கிலோமீற்றர் தூரத்தில் வூட்-அண்டர்சன் கருவி ஒரு மில்லிமீற்றர் கோடு கீறினால் அது 3. அந்தக் கோடு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தால் அது 0. அதாவது ஒரு மைக்ரோன். எங்கடை பக்ரறியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கு அது எவ்வளவு சின்னது என்று தெரியும்.

இந்தக் கட்டுரையை ரிக்டர் 1935 ஜனவரியில் வெளியிட்டார். நட்சத்திரத்தின் பிரகாசத்துக்கு வானியலாளர் பாவித்த சொல்லையே பூமியதிர்ச்சிக்கும் வைத்தார்கள். சின்ன வயது ஆசை அப்படியாவது நிறைவேறியது.

வானொலி நிலையமும் வீட்டு வானொலியும்

ஒரு வித்தியாசத்தை ரிக்டர் வாழ்நாள் முழுக்க விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தார். அளவு வேறு, உணருவது வேறு. வானொலி நிலையத்தின் வலு ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்பது தூரத்தையும் தடையையும் பொறுத்தது. ஊரில் பின்னேரங்களில் சிற்றலையில் தமிழோசை கேட்டவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

2022 ஒக்ரோபர் 25 இல், காலமை பதினொன்றே முக்கால் போல, சான் ஹோசேக்குக் கிழக்கே மலையடியில் 5.1 அளவில் அதிர்ந்தது. என்னோடு வேலை செய்கிற ஒரு அன்ரி உடனே மேசைக்குக் கீழே படுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். செல் விழுந்ததாகத்தான் அவவின் உடம்பு நினைத்தது. அவவுக்கு அது என்ன அளவு என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஆனால் 1989 ஒக்ரோபர் 17 இல் சாந்தா குரூஸ் மலையில் நடந்த லோமா பிரியேற்றா அதிர்ச்சி 6.9. அது வெளிவிட்ட சக்தி 2022 இல் நடந்ததைப்போல் ஐந்நூறு மடங்கு. 63 பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே பயத்தோடு வைத்துப் பார்க்காமல் இருக்கத்தான் எண் உதவுகிறது.

மனிதன் ஆட்டுகிற பூமி

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

ரிக்டரின் கட்டுரை வெளியான அடுத்த மாதமே, 1935 பெப்ரவரியில், நெவாடா எல்லையில் ஹூவர் அணைக்கட்டுக்குப் பின்னால் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே நீர்த்தேக்கத்தைச் சுற்றி அதிர்வுகள் வந்தன. 1939 இல் 5 அளவுக்குப் போனது. இரண்டையும் யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. ஆனால் மனிதன் பூமியை ஆட்டத் தொடங்கிய நேரத்திலேயே அதை அளக்கிற கோலும் கைக்கு வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது? நிலத்துக்குள் பாறைகள் பிளவுகளில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தேக்கிய தண்ணீரின் பாரமும், பாறைக்குள் ஊறி இறங்குகிற தண்ணீரின் அமுக்கமும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. ஏற்கனவே சறுக்க ஆயத்தமாய் இருந்த பிளவு சறுக்கிவிடும். இறுக்கத்தில் பெரும்பகுதி பூமியுடையது. அவிழ்த்து விடுகிற கைதான் மனிதனுடையது.

இந்தியாவில் மகாராஷ்டிராவின் கொய்னா அணையைப் பாருங்கள். 1962 இல் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியப்புறம், சனம் நித்திரையில் இருக்கும்போது, 6.3 அளவில் அதிர்ந்து 180 பேரளவில் இறந்தார்கள். நீர்த்தேக்கத்தால் உண்டானது என்று விஞ்ஞானிகள் சொல்லுகிற அதிர்வுகளில் மிகப் பெரியது இதுதான்.

டென்வரில் நடந்தது இன்னொரு விதம். அங்கே இராணுவத்தின் இரசாயன ஆயுதத் தொழிற்சாலை ஒன்று தன் கழிவு நீரை 3,600 மீற்றருக்கு மேல் ஆழமான கிணற்றுக்குள் 1962 முதல் பம்ப் பண்ணியது. பூமியதிர்ச்சி அரிதாகவே வந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான அதிர்வுகள் வந்தன. அங்கே ஒரு கத்தோலிக்கக் கல்லூரியிலும் ஒரு சுரங்கக் கல்லூரியிலும் இருந்த கருவிகள் அவற்றைப் பதிந்தன. 1965 இல் டேவிட் எவன்ஸ் என்ற புவியியலாளர், எந்த மாதம் எவ்வளவு கழிவு உள்ளே போனது, எந்த மாதம் எத்தனை அதிர்வு வந்தது என்று இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கின. 1966 பெப்ரவரியில் இராணுவம் நிறுத்தியது. ஆனால் உள்ளே போன அமுக்கம் உடனே அடங்கவில்லை. மிகப் பெரிய அதிர்வு, 5 அளவில், 1967 ஆகஸ்டில்தான் வந்தது.

இதில் எனக்குப் பட்டது என்னவென்றால், பம்ப் பண்ணினவர் ஒருவர், எண்ணி வைத்தவர் வேறொருவர். எண்ணி வைக்க ஆள் இல்லாவிட்டால் அந்தச் சனத்தின் பயம் வெறும் கற்பனை என்று போயிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று பெரிய இடத்தில் சொன்னால் சின்ன ஆட்களுக்கு இருக்கிற ஒரே துணை, தேதி போட்டு எழுதிய கணக்கு. எங்கடை சனத்துக்கு இது விளங்கும்.

எங்களுக்கு வடக்கே

தூரத்துக்குப் போகத் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே 115 கிலோமீற்றர் அளவில் கெய்சர்ஸ் என்ற மலைப்பகுதி இருக்கிறது. நிலத்துக்குள்ளிருந்து வரும் கொதிநீராவியை எடுத்து 1960 முதல் மின்சாரம் செய்கிறார்கள். ஆவியை எடுக்க எடுக்க அமுக்கம் குறைந்தது. அதற்காகச் சுத்திகரித்த கழிவு நீரைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். சாந்தா ரோசா நகரத்துக் கழிவு நீர் 2003 முதல் குழாய் வழியே போகிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி கலன் அளவு. சூடான பாறையில் குளிர்ந்த நீர் பட்டுச் சுருங்குவதாலும் அமுக்கம் மாறுவதாலும் அங்கே வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கான சின்ன அதிர்வுகள். 2016 டிசம்பர் 14 இல் 5.0 வரை போனது. புகையில்லாத மின்சாரம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் ஆட்டம் அந்த மலைக்கிராமத்துச் சனத்துக்கு. அந்தப் பேரத்தை நேர்மையாய்ப் பேசுவதற்கு எண் வேண்டும்.

இங்கேதான் ரிக்டரும் குட்டன்பேர்க்கும் 1944 இல் கலிபோர்னியாப் பதிவுகளிலிருந்து கண்டுபிடித்த ஒழுங்கு கை கொடுக்கிறது. ஓர் இடத்தில் 4 அளவில் ஒன்று வந்தால் 3 அளவில் ஏறக்குறைய பத்தும், 2 அளவில் நூறும் வரும். சின்னதை ஒழுங்காய் எண்ணினால் பெரியது வருவதற்கு எவ்வளவு சாத்தியம் என்று கணிக்கலாம். ஆரும் உணராத அதிர்வுகளையும் அளக்கிறதன் பயன் அதுதான்.

இங்கிலாந்தில் பாறைக்குள் தண்ணீரை அடித்து எரிவாயு எடுக்கிற இடங்களுக்கு ஒரு சட்டம் வைத்தார்கள். 0.5 அளவுக்கு ஏதும் வந்தால் வேலையை இடைநிறுத்த வேண்டும். 2019 ஆகஸ்டில் பிளாக்பூலுக்குக் கிட்ட 2.9 வந்தது. நவம்பரில் அரசாங்கம் அந்த வேலைக்கே தடை போட்டது. அந்த 0.5 எந்தக் கோலில் அளந்தது தெரியுமோ? ரிக்டர் போட்ட அதே உள்ளூர் அளவுகோலில்.

கோலைத் திருத்தவும் வேண்டியிருந்தது. ரிக்டரின் கணக்கு தெற்குக் கலிபோர்னியாவின் பாறைக்கும் அந்தத் தூரங்களுக்கும் போட்டது. கருவியை அதிர்வுக்கு மிகக் கிட்ட வைத்தால் எண் கூடிக் காட்டும். பிரித்தானிய ஆய்வாளர்கள் அதற்கு ஒரு திருத்தம் சேர்த்தார்கள். ஒரே அதிர்வுக்கு இரண்டு நிலையங்கள் இரண்டு எண் சொல்லுவதும் உண்டு. எங்கடை வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் வருஷப்பிறப்பு நேரத்தை வேறு வேறாய்ச் சொல்லுவது போலத்தான். இரண்டும் கணக்குத்தான், எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய பூமியதிர்ச்சிக்கு இப்போது ரிக்டரின் கோல் பாவிப்பதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அது ஏறாது. 1979 இல் ஹாங்ஸ், கனமோரி என்ற இருவரும் கொடுத்த வேறொரு அளவையே பாவிக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலமை, ஹவாயிலிருந்து வந்த முதல் அறிவித்தலில் சுமாத்திரா அதிர்ச்சி 8.0 என்றிருந்தது. பிறகு 8.5. முழுவதையும் கணித்து முடித்தபோது 9.1. 8.0 க்கும் 9.1 க்கும் இடையில் சக்தி நாற்பது மடங்குக்கு மேல். இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பும் இல்லை. முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். எண் சின்னதாய் வருவது ஒரு சின்னப் பிழை அல்ல.

ஆக, பத்திரிகைகள் ரிக்டர் பெயரைச் சொல்லுகிற பெரிய அதிர்ச்சிகளில் அவர் கோல் இல்லை. பத்திரிகையில் வராத சின்ன அதிர்வுகளில், மனிதன் உண்டாக்குகிறவற்றில், அது இன்னமும் வேலை செய்கிறது.

கடைசிக் காலம்

ரிக்டர் 1952 இல் பேராசிரியரானார். 1958 இல் பெரிய பாடப்புத்தகம் எழுதினார். 1959 இல் ஜப்பானுக்குப் போய் ஒரு வருஷமளவில் இருந்தார். 1970 இல் ஓய்வு பெற்றார். மலையேறுவார், கவிதை எழுதுவார். உடுப்பில்லாமல் வெயிலில் இருக்கிறவர்களின் முகாமுக்கும் மனைவியோடு போவாராம். பெரிய ஆட்களுக்கும் ஒவ்வொரு விதம்! வீட்டு விறாந்தையில் இல்லை, இருக்கிற அறையிலேயே ஒரு பதிகருவி வைத்திருந்தார்.

நாள் குறித்துப் பூமியதிர்ச்சி வரும் என்று சொல்லுகிறவர்களை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. வருமா என்று கேட்காதே, உன் கட்டடம் தாங்குமா என்று கேள் என்பதே அவர் நிலைப்பாடு. பூமி ஆட்களைக் கொல்லுவதில்லை, பலவீனமான கட்டடம்தான் கொல்லுகிறது என்று பழைய கட்டடங்களைத் திருத்தும்படி அதிகாரிகளை நெருக்கினார்.

1972 இல் மனைவி இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1985 செப்டெம்பர் 30 இல் பசடீனாவில் ரிக்டர் காலமானார். ஹூவர் அணைக்கட்டை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்துவைத்து அன்றைக்குச் சரியாக ஐம்பது வருஷம். அவருடைய கடிதங்கள், நினைவுப் பொருட்கள் பல உறவினர் வீட்டில் இருந்தன. 1994 ஜனவரி 17 நோர்த்ரிட்ஜ் பூமியதிர்ச்சியோடு வந்த தீயில் அந்த வீடு எரிந்து அவையும் போய்விட்டன. எரிந்த ஏடுகளின் அருமை எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2016 இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைக் கிளறி, 1933 லோங் பீச் அதிர்ச்சிக்கே அங்கே எண்ணெய் எடுத்தது காரணமாய் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். முடிந்த முடிவு அல்ல. ஆனால் எண்பது வருஷத்துக்குப் பிறகும் கேள்வி கேட்க முடிந்தது, அந்தக் காலத்தில் ஆரோ எழுதி வைத்தபடியால்தான்.

அந்த நோர்த்ரிட்ஜ் அதிர்ச்சியில், கீழ்த்தட்டு கார் நிறுத்துமிடமாய் இருந்த ஒரே ஒரு தொடர்மாடியில் 16 பேர் இறந்தார்கள். எங்கடை குடும்பங்கள் பல அப்படியான பழைய தொடர்மாடிகளில் வாடகைக்கு இருக்கினம். வருஷப்பிறப்புக்கு வீடு கழுவும்போது அலுமாரியைச் சுவரோடு இறுக்குங்கள். சுடுநீர்த் தாங்கி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் பலப்படுத்தியதா என்று வீட்டுக்காரரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். அடுத்த முறை ஆடினால், எத்தனை மணிக்கு, எப்படி ஆடியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சாதாரண சனம் உணர்ந்ததை அரசாங்கத்தின் புவியியல் ஆய்வு நிலையமும் கேட்டு வாங்குகிறது.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.